காஸ்பல் இசைக் கலவையில் சபையின் குரலும் கேட்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒலிப்பொறியியலைத் தொழிலாகக் கற்க விரும்பும் இளைஞர்களுக்காகத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரை அது. மைக் தேர்வு, ஈக்யூ (ஒலியின் அலைவரிசைகளைக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கருவி) ஆகியவற்றைப் பற்றி அதில் சொல்லப்பட்டவற்றில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் வெவ்வேறு இசை வகைகளைப் பற்றிப் பேசும் இடத்தில், காஸ்பல் இசையை, அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் திருச்சபைகளில் வளர்ந்த கிறித்தவப் பாடல் இசையை, மிக்ஸ் செய்வது (பல மைக்குகளின் ஒலியை ஒன்றாகக் கலப்பது) தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு ஏற்ற எளிய பயிற்சி என்றும், முதன்மைப் பாடகரின் குரலை முன்னிறுத்திவிட்டு மற்ற எல்லாவற்றையும் அதன் பின்னால் அடக்கி வைத்தால் போதும் என்றும் ஒரே பத்தியில் சொல்லி முடித்துவிட்டார் கட்டுரையாளர். சிகாகோவின் தென்பகுதியில், கறுப்பின மக்களின் திருச்சபை ஒன்றில் ஒலிப்பொறியாளராகப் பணியாற்றி வருபவன் என்ற முறையில், அந்தப் பத்தியைப் படித்துவிட்டு அப்படியே கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. அதை நம்பி இந்தத் துறைக்குள் நுழையும் ஒருவர் தவறான பழக்கத்தோடு தொடங்குவார் என்ற கவலையில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

காஸ்பல் பாடலில் பாடகர் அழைக்கிறார். கொயர் என்ற பாடகர் குழு பதில் தருகிறது. எதிரே அமர்ந்திருக்கும் சபை இருவருக்கும் பதில் தருகிறது. இந்த அழைப்பும் பதிலும் சேர்ந்ததே பாட்டு. பதிலைப் பின்னணி என்று எண்ணிக் குறைத்துவிட்டால் பாட்டில் பாதி காணாமல் போகிறது. ஆகவே இந்த இசையைக் கலக்கக் கற்பவர் முதலில் காதைப் பழக்க வேண்டியது அந்தப் பதிலுக்குத்தான் என்பது என் உறுதியான கருத்து. இன்றைய பயிற்சி வகுப்புகளும் காணொளிப் பாடங்களும் கருவிகளில் தொடங்கிக் கருவிகளிலேயே முடிந்துவிடுகின்றன; அவற்றில் கற்றுவரும் இளைஞர்கள், தெளிவு என்ற பெயரில் சபையின் குரலைச் சிறிது சிறிதாகச் செதுக்கி எறிந்துவிடுவதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

இந்த இசை எங்கிருந்து வந்தது என்பதை அறியாமல் அதன் கலவையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. பாட்டுப் புத்தகம் இல்லாத, எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள அனுமதிக்கப்படாத அடிமை மக்கள், ஒருவர் ஒரு வரியைப் பாட மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடிய வழக்கத்தில் வேர்கொண்ட இசை இது. ஜார்ஜியா மாநிலத்தில் 1899இல் பிறந்து, ப்ளூஸ் (கறுப்பின மக்களின் உலகியல் பாட்டு) பாடகி மா ரெய்னியின் இசைக்குழுவில் பியானோ வாசித்து, ப்ளூஸ் உலகில் பெயர் பெற்ற தாமஸ் டார்ஸி, 1930களில் சிகாகோவின் பில்கிரிம் பாப்டிஸ்ட் திருச்சபையில் கொயரை நடத்தத் தொடங்கிய பிறகுதான் ப்ளூஸின் தாளமும் சுரவளைவும் ஆராதனைப் பாடலுக்குள் உறுதியாகக் காலூன்றின. தொடக்கத்தில் பல சபைகள் அதை உலகத்தனமான இசை என்று கூறி வாசலிலேயே நிறுத்தின என்பதும் வரலாறு. நியூ ஆர்லியன்ஸில் பிறந்து சிகாகோவில் குடியேறிய மஹாலியா ஜாக்சனின் குரல் வழியாகவே டார்ஸியின் பாடல்கள் நாடெங்கும் சென்றன. ஓர் ஒலிப்பொறியாளராக என்னை ஈர்க்கும் மற்றொரு செய்தியும் உண்டு. பில்கிரிம் பாப்டிஸ்ட் திருச்சபை கூடிய கட்டடம் முதலில் ஒரு யூத ஜெப ஆலயமாக 1890-91இல் எழுப்பப்பட்டது. அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர்கள் ஆட்லரும் சல்லிவனும். அவர்களுள் ஆட்லர், அரங்கங்களின் ஒலியமைப்பில் தம் காலத்தின் தலைசிறந்த வல்லுநர்களுள் ஒருவர். அந்தக் கட்டடத்தின் உட்புறம் 2006இல் தீக்கிரையாயிற்று. ஆனாலும் காஸ்பல் இசை தன் குழந்தைப் பருவத்தைக் கழித்த அந்த அறை, குரலுக்குப் பதில் தரும் அறை என்பதை நான் தற்செயலாகக் கருதுவதில்லை.

இப்போது கொயருக்கு வருகிறேன். கற்பவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுவே. மேலை நாட்டுச் செவ்வியல் கொயரில் பெண்களின் உயர்ந்த, தாழ்ந்த குரல்களான சொப்ரானோ, ஆல்டோ, ஆண்களின் உயர்ந்த, தாழ்ந்த குரல்களான டெனர், பாஸ் என நான்கு பிரிவுகள் உண்டு. காஸ்பல் கொயரில் வழக்கமாகச் சொப்ரானோ, ஆல்டோ, டெனர் என்ற மூன்று பிரிவுகளே இருக்கும். கீழ்ச் சுரங்களை ஆர்கனின் மிதிகட்டைகளும் பாஸ் கித்தாரும் ஏற்றுக்கொள்கின்றன. ஆண்கள் அனைவரும் டெனரில், தங்கள் குரலின் மேல் எல்லையில், முழு மூச்சோடு பாடுகிறார்கள். ஆல்டோவும் டெனரும் மிக நெருங்கிய சுரங்களில் உராய்ந்துகொண்டே நகர்கின்றன. இந்த நெருக்கம்தான் காஸ்பல் கொயரின் அடையாளமான அந்தத் தடித்த, சூடான ஒலியைத் தருகிறது. கலவை தெளிவாக இருக்க வேண்டுமானால் 300 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் குறைத்துவிடு என்று எல்லாப் பாடங்களிலும் சொல்லித் தருகிறார்கள். பாப் இசையில் அது பலிக்கலாம். காஸ்பல் கொயரில் அதையே கண்ணை மூடிக்கொண்டு செய்தால் டெனர் பிரிவின் உடம்பே மறைந்துபோய், சொப்ரானோக்களின் கூர்மை மட்டும் எஞ்சும். கொயர் தொலைவில் இருக்கும் வானொலிப்பெட்டியைப் போல மெலிந்து கேட்கும்.

மைக் வைக்கும் முறையிலும் இதே எச்சரிக்கை தேவை. ஐம்பது பேர் நிற்கும் கொயருக்கு முன்னால் எத்தனை மைக் கிடைக்கிறதோ அத்தனையையும் நிறுத்திவிட வேண்டும் என்ற ஆசை, புதிதாக வருபவர் எவருக்கும் எழும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஸ்பீக்கரின் ஒலி மைக்கிற்கே திரும்பி ஊளை எழாமல் கூட்டக்கூடிய ஒலி அளவில் மூன்று டெசிபல் குறைகிறது என்பது எளிய கணக்கு. அதற்கு மேல், ஒரே குரல் இரண்டு மூன்று மைக்குகளுக்கு வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேர்வதால், அலைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஒலி உள்ளீடற்றதாகிவிடும். பிரிவுக்கு ஒன்று, பெரிய கொயராக இருந்தால் இரண்டு என, முன்பக்க ஒலியைக் கூடுதலாகப் பற்றும் கார்டியாய்டு வகைக் கண்டென்ஸர் மைக்குகளை முன்வரிசையிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, பின்வரிசையில் நிற்பவர்களின் தலைக்குச் சற்று மேலான உயரத்தில், கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால் பெரும்பாலும் போதுமானது. ஒரு மைக்கிலிருந்து அடுத்த மைக்கிற்கு உள்ள தூரம், மைக்கிலிருந்து பாடுபவருக்கு உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்ற விதியை இங்கே மறக்கக்கூடாது. காஸ்பல் கொயர் அசையாமல் நிற்பதில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வரிசை வரிசையாக இடமும் வலமும் அசைந்தாடிக்கொண்டு பாடுவார்கள்; மைக்கை மிக நெருக்கமாக வைத்தால் ஒரே பாடகியின் குரல் தாளத்திற்குத் தாளம் வந்து வந்து மறையும்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று உண்டு. கொயரின் இயக்குநர் தம் கைகளால் பேசுகிறார். ஒரு பிரிவை நிறுத்துவதும், இன்னொன்றை எழுப்புவதும், அடுத்து வருவது எந்த வரி என்று உணர்த்துவதும், சுருதியை அரைச்சுரம் மேலே ஏற்றப் போவதை அறிவிப்பதும் அந்தக் கைகள்தான். அந்தச் சைகைகளைப் படிக்கத் தெரியாத பொறியாளர், எத்தனை விலையுயர்ந்த மிக்ஸருக்குப் பின்னால் அமர்ந்திருந்தாலும், எப்போதும் ஒரு தாளம் பிந்தியே இருப்பார். திரையைப் பார்த்துக்கொண்டே மிக்ஸ் செய்யும் பழக்கம் நமக்கு எளிதில் ஒட்டிக்கொள்கிறது. ஆராதனையில் கண் இயக்குநரின் மேல் இருக்க வேண்டும். விரல், ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரைத் தானாகத் தேடிச் செல்லும் அளவுக்குக் கை பழகியிருக்க வேண்டும்.

ஆர்கனைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஏனென்றால் காஸ்பல் கலவையில் மிக அதிகமாகச் சிதைக்கப்படுவது அதுவே. ஹாமண்ட் ஆர்கன் சிகாகோவில் பிறந்த கருவி. குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களை மனத்தில் கொண்டு 1935இல் அது விற்பனைக்கு வந்தது. காஸ்பல் இசையோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட பி-3 என்ற வகை 1954இல் வந்தது. அதனுள்ளே சுழலும் 91 பற்சக்கரங்கள் மின்காந்த முறையில் ஒலி அலைகளைத் தோற்றுவிக்கின்றன. அந்த ஒலி வெளியே வருவது லெஸ்லி என்ற மரப்பெட்டி வழியாக. சுமார் 800 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி, பெட்டியின் மேல்தட்டில் சுழலும் கொம்பு வழியாகவும், அதற்குக் கீழுள்ளது, கீழ்நோக்கிப் பார்க்கும் 15 அங்குல ஸ்பீக்கருக்கு அடியில் சுழலும் உருளை வழியாகவும் வெளிப்படுகின்றன. மெதுவாகச் சுழலும்போது ஒலி மிதக்கும். வேகமாகச் சுழலும்போது நடுங்கும். மெதுவிலிருந்து வேகத்திற்கு மாறும் அந்த இடைவெளியில், மேல்கொம்பு சட்டென வேகம் பிடித்துவிட, கனமான கீழுருளை மெல்ல வேகம் கூட்டிக்கொண்டு பின்னால் வரும். அந்த இரண்டு மூன்று விநாடிகளை நல்ல ஆர்கன் கலைஞர் ஒருவர் பிரசங்கத்தின் உச்சத்திற்காகவே சேமித்து வைத்திருப்பார். மேல்தட்டுக்கு இரண்டு மைக்குகளும் கீழுருளைக்கு ஒன்றும் வைத்துப் பதிவு செய்தால்தான் அந்த வேறுபாடு காதுக்குக் கிடைக்கும். வசதிக்காக மேலே ஒரே மைக்கை வைத்து முடித்துக்கொள்பவர்கள் கீழ்ப்பகுதியை மொத்தமாக இழக்கிறார்கள்.

அதோடு, ஆர்கன் கலைஞரின் வலது கால் எப்போதும் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மிதியின் மேல் இருக்கிறது. போதகர் மூச்சு வாங்கும் இடத்தில் எழுந்து, அவர் பேசத் தொடங்கியதும் தாழ்ந்து, அவருடைய சொல்லின் சுருதிக்கே ஒரு சுரத்தைப் பொருத்தி வைத்துக் காத்திருக்கும் அந்த வாசிப்பு, தன்னளவில் நிறைவான ஒரு கலவையாகும். கம்ப்ரஸரைக் கடுமையாக வைத்து ஆர்கனின் ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்குவது, போதகருக்கு ஆர்கன் சொல்லும் பதிலை அழிப்பதற்குச் சமம். ஆர்கனுக்கு நான் கம்ப்ரஸர் போடுவதே அரிது. மற்றவர்களும் போடக்கூடாது என்று கட்டளையிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் போடும் முன் ஒரு முழு ஆராதனையிலாவது அந்தக் காலைக் கவனித்துவிட்டுப் போடும்படி கேட்டுக்கொள்வேன்.

பாஸ் கித்தாரையும் டிரம்ஸையும் பற்றி நிறைய நூல்களும் பாடங்களும் வந்துவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். காஸ்பலில் ஐந்து தந்தி, ஆறு தந்தி பாஸ் கித்தார்களே மிகுதி. அவற்றின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஆர்கனின் இடது கையும் மிதிகட்டையும் அதே நிலப்பகுதியில்தான் நடமாடுகின்றன. ஆகவே கிக் டிரம், பாஸ், ஆர்கன் ஆகிய மூன்றில் எது எந்த இடத்தைக் கொள்ள வேண்டும் என்பதைப் பொறியாளர் தனியாக முடிவு செய்யாமல் இசைக்கலைஞர்களோடு பேசித் தீர்ப்பதே நல்லது. டிரம்ஸைச் சுற்றிக் கண்ணாடி போன்ற தடுப்பு வைப்பது கொயர் மைக்குகளைக் காப்பாற்றும். தடுப்புக்குள் மேற்கூரையும் ஒலி உறிஞ்சும் பொருளும் இல்லாவிட்டால் சத்தம் மேலே எழும்பிச் சுற்றி வந்து அதே மைக்குகளில் விழும்.

முதன்மைப் பாடகரின் குரலுக்கு வருவோம். ஒரே பாடலில், கேட்டும் கேட்காத முணுமுணுப்பில் தொடங்கி, மைக்கை ஒரு கை தூரம் விலக்கிப் பிடித்தும் அடக்க முடியாத முழக்கம் வரை போகும் குரல் அது. ஒற்றைக் கம்ப்ரஸரிடம் அந்த முழு வேலையையும் ஒப்படைத்தால் முணுமுணுப்பில் அறையின் இரைச்சலும் முழக்கத்தில் நெரிபட்ட குரலும்தான் கிடைக்கும். பெரிய ஏற்ற இறக்கங்களை ஃபேடரால் கையாண்டுவிட்டு, மென்மையாக வேலை செய்யும் இரண்டு கம்ப்ரஸர்களை அடுத்தடுத்து வைப்பது நான் கண்டவரை சிறந்த வழி. தொடக்கத்திலேயே அளவைத் தாழ்வாக, சராசரி, டிஜிட்டல் உச்ச எல்லைக்கு 18 டெசிபல் கீழே இருக்கும்படி வைத்துக்கொண்டால் முழக்கத்திற்கு இடம் இருக்கும். பாடகர் மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கும்போது ஒலியின் குணமே மாறி ஊளை எழும் என்பதை ஒத்திகையின்போதே பணிவாக எடுத்துச் சொல்லலாம். ஆராதனையின் நடுவில் சொல்ல முடியாது.

சுருதி திருத்தும் மென்பொருளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ப்ளூஸ் வழியாக வந்த இந்த இசையில், மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் பியானோவின் கட்டைகளுக்கு இடைப்பட்ட இடங்களில் நின்று பாடப்படுகின்றன. பாடகர் ஒரு சுரத்தைக் கீழிருந்து இழுத்து, எட்டும் எட்டாத இடத்தில் நிறுத்தி, சபை குரல் கொடுத்த பிறகே அதை முழுதாக எட்டுவார். கமகத்தில் ஊறிய நம் காதுகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மென்பொருள் அந்த இழுப்பைப் பிழையென்று எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கட்டைக்குத் தள்ளிவிடுகிறது. காதுக்குச் சுத்தமாகக் கேட்கும். ஆனால் பாடகர் கேட்ட கேள்வி அங்கே இருக்காது, சபை எதற்காக எழுந்து நின்றது என்பதும் புரியாது.

சபையின் குரலே இக்கடிதத்தின் மையம் என்பதால் அதற்கு வருகிறேன். காஸ்பல் இசையின் பெயர் பெற்ற ஒலிப்பதிவுகளில் பல, சபையார் நிறைந்த தேவாலயங்களில் நேரடியாகச் செய்யப்பட்டவை. காஸ்பல் பாடகரும் கொயர் இயக்குநருமான ஜேம்ஸ் கிளீவ்லண்ட் 1963இல் நியூ ஜெர்சியில் ஏஞ்சலிக் கொயருடன் செய்த பதிவு அந்த வழிக்குப் பெரும் ஊக்கம் தந்தது. அதே கிளீவ்லண்டும் தெற்குக் கலிஃபோர்னியா கம்யூனிட்டி கொயரும் உடனிருக்க, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் திருச்சபையில் 1972 ஜனவரி 13, 14 ஆகிய இரண்டு இரவுகளில் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் பாடிய பதிவைக் கற்பவர்கள் அனைவரும் ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்க வேண்டும். அதில் அரீத்தாவின் குரலை விட்டுவிட்டு, அதற்குப் பின் எழும் ஒற்றைக் குரல்களை, கைதட்டலை, கிளீவ்லண்டின் சொற்களை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அவை பாடலை முன்னே தள்ளிக்கொண்டு போவது புரியும். அந்த இரவுகளைப் படமாக்கிய திரைப்பட இயக்குநர் சிட்னி பொல்லாக்கின் குழு, ஒலியையும் காட்சியையும் இணைக்க உதவும் கிளாப் பலகையைப் பயன்படுத்தாமல் விட்டதால், படச்சுருள்கள் பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்தன. திரைப்படம் 2018இல்தான் வெளிவந்தது. மரப்பலகையைத் தட்டும் ஒரு நொடி வேலையில் எவ்வளவு பெரிய கலைச்செல்வம் சிக்கிக்கொள்ள முடியும் என்பதை ஒலிப்பதிவு கற்கும் எவரும் அறிந்திருக்க வேண்டும்.

சபையைப் பதிவு செய்வது தொழில்நுட்ப அளவிலும் கவனம் கோரும் வேலை. மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி, சபையாரை நோக்கி வைத்த மைக்கிற்கு மேடையின் ஒலி போய்ச் சேர ஏறத்தாழ 58 மில்லி விநாடிகள் ஆகின்றன. அதை அப்படியே கலவையில் சேர்த்தால் டிரம்ஸின் ஒவ்வோர் அடியும் இரட்டையாகக் கேட்கும். அதனால்தான் பலர் சபை மைக்குகளைப் பாடல்களுக்கு நடுவில் மட்டும் திறந்துவிட்டு, பாடும்போது மூடிவிடுகிறார்கள். இது மிக எளிய தீர்வு. என் பார்வையில் மிக மோசமான தீர்வும் இதுவே. அந்தத் தடங்களைக் கணினியில் முன்னே நகர்த்தி மேடையின் ஒலியோடு பெருமளவு பொருத்திவிடலாம். முழுமையாகப் பொருத்திவிட்டால் அறையின் ஆழம் போய்விடும் என்பதால், நான் சில மில்லி விநாடிகள் தாமதத்தை விட்டே வைப்பேன். சபை மைக்குகளில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை நீக்கிவிட்டால் பாஸின் குழப்பம் குறையும். இரண்டாவது, நான்காவது தட்டுகளில் விழும் சபையாரின் கைதட்டல் ஸ்னேர் டிரம்மின் அடியோடு சேர்ந்து விழும்போது, தாளத்திற்கு வேறெதனாலும் கொடுக்க முடியாத அகலம் கிடைக்கிறது. செயற்கைக் கைதட்டலைக் கணினியிலிருந்து எடுத்துச் சேர்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். உண்மையான கைகள் எதிரே இருக்கும்போது அது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பாடலின் பிற்பகுதியில் வரும் வேம்ப் என்ற பகுதி இன்னொரு சோதனை. ஒரே வரியைக் கொயர் திரும்பத் திரும்பப் பாடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பிரிவு கூடும், அல்லது சுருதி அரைச்சுரம் ஏறும். முதல் சுற்றிலேயே கலவை முழு அளவை எட்டிவிட்டால் அடுத்த சுற்றுகளுக்குப் போக இடம் இருக்காது. இசைக்குழு ஏறுவதை நம்பி, பொறியாளர் தம் கையை அடக்கி வைத்திருக்க வேண்டும். உச்சத்தில் திடீரென எல்லாக் கருவிகளும் நின்று கொயரும் கைதட்டலும் மட்டும் தொடரும் தருணத்தில், சபை மைக்குகள் திறந்திருந்தால் மட்டுமே கேட்பவர் அந்த அறைக்குள் நிற்பார். பெருங்கொள்ளைநோய்க் காலமான 2020க்குப் பிறகு பல திருச்சபைகள் ஆராதனையை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்புகின்றன என்பதால் இதன் தேவை பன்மடங்காகியுள்ளது. அரங்கின் ஸ்பீக்கர்களுக்குச் செல்லும் கலவையையே இணையத்திற்கும் அனுப்புவது பரவலான வழக்கம். அரங்கில் டிரம்ஸும் லெஸ்லியும் இயல்பாகவே உரத்துக் கேட்பதால் மிக்ஸரில் அவற்றின் அளவு குறைவாக இருக்கும். சபையின் குரல் மிக்ஸருக்குள் வருவதே இல்லை. அதனால் வீட்டில் நோயுற்றுப் படுத்திருக்கும் மூதாட்டிக்குப் பாடகரின் குரல் மட்டும் வெறுமையாகப் போய்ச் சேர்கிறது. தாம் வாழ்நாளெல்லாம் சேர்ந்து பாடிய சபை அவருக்குக் கேட்பதில்லை. நேரலைக்கென்று தனிக் கலவை, முடிந்தால் தனி அறையில் தனி ஆள், இவை ஆடம்பரம் அல்ல என்பதைத் திருச்சபைகளின் நிர்வாகிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கற்கும் வழியைப் பற்றி இரண்டொரு சொற்கள். முதல் சில வாரங்கள் மிக்ஸரைத் தொடாமல், சபையின் நடுவில் அமர்ந்து ஆராதனையை முழுமையாகக் கேட்க வேண்டும். கொயர் ஒத்திகைக்குப் போக வேண்டும், அங்கே இயக்குநர் எந்தப் பிரிவைத் திருத்துகிறார், எதற்காகத் திருத்துகிறார் என்பதைக் காதில் வாங்க வேண்டும். திருச்சபைகளில் மிக்ஸருக்குப் பின்னால் நிற்பவர்களில் பெரும்பாலோர் ஊதியமின்றிப் பணியாற்றும் தொண்டர்கள். அவர்களுள் நீண்ட அனுபவமுள்ள ஒருவரின் பக்கத்தில் நிற்கக் கிடைக்கும் வாய்ப்பு, எந்தச் சான்றிதழையும் விடப் பயன் தரும். அடுத்தபடியாக, ஞாயிறு ஆராதனையை ஒவ்வொரு மைக்கும் தனித் தடமாகப் பதிவு செய்துகொண்டு, வாரநாளில் அதே அறையில், அதே மிக்ஸர் வழியாக ஓடவிட்டுப் பயிலலாம். இன்றைய டிஜிட்டல் மிக்ஸர்களில் இதற்கான வசதி பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. ஒருவருடைய ஆராதனைக்கும் இடையூறு இல்லாமல் ஒரே பாடலைப் பல விதமாகக் கலந்து பார்க்கலாம். அறை காலியாக இருப்பதால் எதிரொலி கூடுதலாகக் கேட்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

காதைக் காப்பதைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதைச் சேர்த்துச் சொல்வது என் கடமை. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 85 டெசிபல் அளவில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்தை எல்லையாகப் பரிந்துரைக்கிறது; ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 100 டெசிபல் என்றால் பதினைந்தே நிமிடங்கள். காஸ்பல் ஆராதனையின் உச்சம் அந்த அளவை எட்டுவதும், காலை ஆராதனை, மாலை ஆராதனை, வாரநடு ஒத்திகை என அது தொடர்வதும் இயல்பு. ஒலி அளவுமானி ஒன்றை மிக்ஸரின் அருகில் வைத்துக்கொள்வதும், எல்லா அலைவரிசைகளையும் சீராகக் குறைக்கும் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பானைப் பயன்படுத்துவதும், கற்கத் தொடங்கும் நாளிலிருந்தே பழக்கமாக வேண்டும். கொயரில் பாடும் பிள்ளைகளின் காதுகளுக்கும் பொறியாளரே பொறுப்பு.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இசைத் தொழில்நுட்பம் பற்றித் தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுதி வருவது மகிழ்ச்சிக்குரியது. இனி காஸ்பலைப் பற்றி எழுதும்போது, ஒலிப்பொறியாளர்களிடம் மட்டும் கேட்காமல் ஒரு கொயர் இயக்குநரிடமும் ஓர் ஆர்கன் கலைஞரிடமும், ஞாயிறுதோறும் மூன்றாம் வரிசையில் அமர்ந்து பாடகருக்குப் பதில் சொல்லும் சபையார் ஒருவரிடமும் கருத்துக் கேட்டு வெளியிட வேண்டுகிறேன். தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இத்துறைக்கு வர நினைக்கும் இளைஞர்கள், அந்த மூவர் சொல்வதையும் படித்த பிறகு மிக்ஸரின் முன் உட்காரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
ஒலிப்பொறியாளர், சிகாகோ